பம்ப் போனதா, எஞ்சின் போனதா?

“வண்டி லோடு எடுக்கலை.” கட்டுமானத் தளங்களிலும் கல்குவாரிகளிலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. இதைக் கேட்டதும் பெரும்பாலான இடங்களில் இரண்டில் ஒரு தீர்ப்பு வந்துவிடும். “மெயின் பம்ப் போயிடுச்சு” அல்லது “எஞ்சின் வேலைக்கு வந்துடுச்சு.” இரண்டுமே லட்சக் கணக்கில் செலவு வைக்கும். கேஜ் மாட்டி ஒரு அளவுகூட எடுக்காமல் இந்தத் தீர்ப்பைச் சொல்வதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி வைத்து, மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒருவருக்குத் தேவையில்லாமல் மாற்றிய ஒரு பம்ப் என்பது ஒரு வருட உழைப்பு.

நம் ஊரில் பொக்லைன் என்று சொல்லும் செயின் வண்டியைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். பொக்லைன் உண்மையில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியின் வண்டிகள் முதலில் வந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. சில ஊர்களில் இதையே ஹிட்டாச்சி என்பார்கள். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். டீசல் எஞ்சின் பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஆயில் வால்வுகள் வழியாகப் போய் பூம் (பெரிய கை), ஆர்ம் (அதன் முனையில் உள்ள சிறிய கை), பக்கெட், ஸ்விங் (மேல்பகுதி சுற்றுவது), செயின் எல்லாவற்றையும் அசைக்கிறது.

“பவர் இல்லை” என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. கிணற்றில் கயிறு போட்டுக் குடத்தை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு எவ்வளவு இறுகுகிறது என்பதைக் குடத்தின் எடைதான் முடிவு செய்கிறது. குடம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை முடிவு செய்வது கையின் வேகம். ஹைட்ராலிக்கிலும் அப்படித்தான். அழுத்தம் என்பது கயிற்றின் இறுக்கம், ஓட்டம் என்பது கையின் வேகம். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலை ஓட வைக்கிறது, எதிரே நிற்கும் சுமைதான் அழுத்தத்தை ஏற்றுகிறது. காற்றில் சும்மா பக்கெட்டை ஆட்டும்போது கேஜ் முள் கீழேயே கிடப்பதும், பாறையில் பல் மாட்டியதும் 300 கிலோவைத் தாண்டி ஓடுவதும் இதனால்தான். (கிலோ என்று மெக்கானிக்குகள் சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு.)

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: வண்டிக்கு விசை இல்லையா, வேகம் இல்லையா? பாறையைப் பெயர்க்க முடியாமல் நின்றுவிடுகிறது என்றால் அழுத்தத்தில் குறை. பெயர்த்துவிடுகிறது, ஆனால் எல்லாம் ஆமை மாதிரி நடக்கிறது என்றால் ஓட்டத்தில் குறை. 120 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு பூம் சிலிண்டரில் 350 கிலோ அழுத்தம் இருந்தால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஏறத்தாழ 39.5 டன் விசையைத் தரும். அழுத்தம் 250 கிலோவாகக் குறைந்தால் அதுவே 28 டன்தான். சிலிண்டர் அதேதான், வேகமும் குறைந்திருக்காது. ஆனால் பாறை அசையாது.

அடுத்து, எஞ்சினுக்கும் பம்புக்கும் உள்ள உறவு. 20 டன் வகுப்பு வண்டி ஒன்றில் எஞ்சின் சுமார் 110 கிலோவாட் தரும், அதாவது 150 குதிரைத் திறனுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மெயின் பம்புகளும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 430 லிட்டர் வரை தள்ளக்கூடியவை. அழுத்தம் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் மெயின் ரிலீஃப் வால்வு 350 கிலோவை ஒட்டித் திறக்கும். பார் என்ற இன்னொரு அழுத்த அளவில் அது ஏறக்குறைய 343 பார். பாரையும் நிமிட லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 430 லிட்டரையும் 343 பார் அழுத்தத்தில் தள்ள வேண்டுமானால் 245 கிலோவாட் வேண்டும். இருப்பதோ 110.

இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் பம்பில் ரெகுலேட்டர் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற அது பம்பின் உள்ளே இருக்கும் தட்டின் சாய்வைக் குறைத்து, ஓட்டத்தைச் சுருக்குகிறது. உச்ச அழுத்தத்தில் இரண்டு பம்புகளும் சேர்ந்து 190 லிட்டரைத் தாண்ட முடியாது. தாண்டினால் எஞ்சின் அமுங்கிவிடும். எஞ்சினும் பம்பும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி. ஒன்று சண்டித்தனம் செய்தால் அடி விழுவது மற்றொன்றுக்கு.

எஞ்சின் சத்தம் இறங்குகிறதா?

என்னைப் பொறுத்தவரை, டூல் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆபரேட்டரிடம் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. வண்டியில் தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கேஜை எங்கே மாட்ட வேண்டும் என்பதை அவர் காதுதான் முதலில் சொல்லும். பூமையோ ஆர்மையோ அதற்குமேல் அசைய முடியாத கடைசி வரை கொண்டுபோய் லீவரை இழுத்துப் பிடிக்கும்போது, ஆர்.பி.எம். எவ்வளவு இறங்குகிறது என்று அவரையே கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இறங்கவில்லை, ஆனால் வேலை மெதுவாக நடக்கிறது என்றால் எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. எஞ்சின் மேல் சுமையே விழவில்லை. பம்ப் ஆயிலைத் தள்ளவில்லை, அல்லது தள்ளிய ஆயில் வழியிலேயே தப்பிக்கிறது.

ஆர்.பி.எம். இறங்குகிறது என்றால் அடுத்து பார்க்க வேண்டியது புகையை. கரும்புகை விட்டுக்கொண்டு இறங்கினால், டீசல் போதுமான அளவு போகிறது, காற்று போதவில்லை, அல்லது சுமை அளவுக்கு மீறி இருக்கிறது. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அதன் கிளாம்ப், இன்டர்கூலர் இவற்றைப் பார்க்க வேண்டும். குவாரித் தூசியில் ஓடும் வண்டியில் பாதிக் கதை ஏர் ஃபில்டரோடு முடிந்துவிடும். புகையே இல்லாமல் சத்தம் அடங்கி, தவித்துக்கொண்டு இறங்கினால் டீசல் போதவில்லை. டேங்க் அடியில் வண்டல், டீசல் ஃபில்டர் அடைப்பு, நீர் பிரிக்கும் கிண்ணத்தில் தண்ணீர், உறிஞ்சும் குழாயில் காற்றுக் கசிவு என்று அந்த வழியில் போக வேண்டும். புது எலக்ட்ரானிக் எஞ்சின்களில் ஒரு சிக்கல் உண்டு. காற்று குறைந்தால் கணினி தானாகவே டீசலையும் குறைத்துவிடும், அதனால் கரும்புகை வராது. அங்கே புகையை நம்பாமல் டர்போ காற்றழுத்தத்தை அளந்து பார்ப்பதே சரி.

இந்தியாவில் சக்கர வண்டிகளுக்கு நான்காம் நிலை மாசுக் கட்டுப்பாடு 2021 ஏப்ரலில் வந்த பிறகு, பேக்ஹோ (நம் ஊரில் ஜே.சி.பி. என்று சொல்வது) போன்றவற்றில் சென்சார்கள் பெருகிவிட்டன. ஒரு சென்சார் தவறாகக் காட்டினாலும் கணினி எஞ்சினின் திறனைத் தானே குறைத்துவிடும். ஓட்டுபவருக்கு அது “பவர் இல்லை” என்றுதான் தெரியும். இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திரையில் தெரியும் எரர் கோட், எந்த மின்சுற்றில் அளவு தவறாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. பிரஷர் சென்சார் எரர் கோட் வந்தவுடன் சென்சாரை மாற்றி, அது தீராமல் கணினியையே மாற்றி, கடைசியில் பூமின் அடியில் உரசி அறுந்த ஒரு ஒயரைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சரி, காற்றும் டீசலும் சரியாக இருக்கின்றன, இருந்தும் ஆர்.பி.எம். விழுகிறது. எஞ்சின் சோர்ந்துவிட்டதா, அல்லது பம்ப் தன் பங்குக்கு மேல் பிடுங்குகிறதா? மேலே சொன்ன 600 கணக்கு இங்கேதான் உதவும். ஆயில் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரை இணைத்து, அதிலுள்ள சுமை வால்வை மெல்ல மூடி, 200 பார், 250 பார், 300 பார் என ஒவ்வொரு நிலையிலும் எத்தனை லிட்டர் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பம்புகளின் கிலோவாட்டையும் கூட்டிப் பார்த்தால் கதை தெளிவாகும். கையேட்டில் சொன்ன அளவைவிட அதிகமாக எடுக்கிறது என்றால் ரெகுலேட்டர் சாய்வைக் குறைக்காமல் அடம்பிடிக்கிறது, எஞ்சின் மேல் தப்பில்லை. அளவுக்குள் எடுக்கும்போதே எஞ்சின் விழுகிறது என்றால் நோய் எஞ்சினில்தான். ரெகுலேட்டரைப் பார்க்காமல் நாசில், டீசல் பம்ப், டர்போ என்று வரிசையாக மாற்றிய வண்டிகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எல்லாமே மெதுவா, ஒன்று மட்டுமா?

இப்போது எஞ்சின் சத்தம் இறங்காத வண்டிக்கு வருவோம். இங்கே யோசிக்க வேண்டிய வழி எளிது. கெட்டுப்போன வேலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எது இருக்கிறது? நல்லபடி நடக்கும் வேலைகளுக்கு எது பொதுவாக இல்லை?

இரண்டு மெயின் பம்புகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரும்பாலும் ஒரு பம்ப் ஒரு பக்கச் செயினையும் பக்கெட்டையும் கவனிக்கும். மற்றது மறு பக்கச் செயினையும் ஸ்விங்கையும் பார்க்கும். பூமுக்கும் ஆர்முக்கும் தேவைப்படும்போது இரண்டும் சேர்ந்து கொடுக்கும். இந்தப் பங்கீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அந்த மாடலின் ஹைட்ராலிக் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். ஒரு பக்கச் செயினும் பக்கெட்டும் சேர்ந்து சோர்ந்திருந்தால் அந்தப் பம்பின் மேல் சந்தேகம் நியாயமானது. எல்லாமே சேர்ந்து சோர்ந்திருந்தால், இரண்டு பம்பும் ஒரே நாளில் ஒன்றாகக் கெட்டன என்று நம்புவதற்கு முன், எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும். ஆயில் அளவு, உறிஞ்சும் வடிகட்டி, டேங்கின் மூச்சுத்துளை, மெயின் ரிலீஃப், அப்புறம் பைலட் அழுத்தம்.

பைலட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் மறக்கப்படுவது இதுதான். ஆபரேட்டர் பிடிக்கும் லீவர் மெயின் ஆயிலை நேரடியாகத் திறப்பதில்லை. சிறிய பைலட் பம்ப் ஒன்று, அல்லது மெயின் லைனிலிருந்தே அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு வால்வு, 35 முதல் 40 கிலோ வரை தருகிறது. லீவர் அந்தச் சிறிய அழுத்தத்தை அனுப்பி, கன்ட்ரோல் வால்வுக்குள் மெயின் ஆயிலின் வழியைத் திறந்து மூடும் பெரிய ஸ்பூலைத் தள்ளுகிறது. அது குறைந்தால் ஸ்பூல் பாதிதான் திறக்கும். பம்ப் புதிதாக இருந்தாலும் பயனில்லை.

கரூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் நான் பார்த்த வண்டி அப்படிப்பட்டது. எல்லாமே மெதுவாக நடந்தது. அதற்கு முன்பே ஒரு ஒர்க்ஷாப்பில் மெயின் பம்பை மாற்றியிருந்தார்கள், வித்தியாசம் இல்லை. அடுத்து கன்ட்ரோல் வால்வை இறக்கச் சொல்லியிருந்தார்கள். “லோடுல சத்தம் இறங்குதா தம்பி?” என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். “இல்லண்ணே, சத்தம் அப்படியேதான் இருக்கு, கை மட்டும் சோம்பலா வருது” என்றார். பைலட் லைனில் 60 கிலோ கேஜ் ஒன்றை மாட்டினோம். முள் 22-ஐத் தாண்டவில்லை. பைலட் ரிலீஃப் வால்வின் உட்காரும் இடத்தில் ஒரு சிறு உலோகத் துணுக்கு சிக்கியிருந்தது. கழுவி மாட்டியதும் முள் 38-க்கு வந்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய பம்ப் ஷெட்டின் ஓரத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. அதில் எந்தக் குறையும் இருந்திருக்க வேண்டியதில்லை.

கேஜ் மாட்டுவது பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைத் திருப்பி வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து, டேங்க் மூடியைத் தளர்த்தி, உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் எந்த நட்டையும் தொட வேண்டும். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஆஸ்பத்திரியில் “உயர் அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறிவிட்டது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காமன் ரெயில் டீசல் லைன்களில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், அங்கே ஆபத்து இன்னும் அதிகம்.

வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்தால், செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. கன்ட்ரோல் வால்விலிருந்து சென்டர் ஜாயின்டுக்கு (சுற்றும் மேல்பகுதியிலிருந்து கீழே ஆயிலைக் கடத்தும் இணைப்பு) போகும் இடது, வலது செயின் ஹோஸ்களை இடம் மாற்றி மாட்டிப் பார்ப்பது. (அப்போது லீவர்களும் இடம் மாறி வேலை செய்யும், பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.) சோர்வு மறு பக்கச் செயினுக்குத் தாவினால் குறை மேலே, பம்பிலோ வால்விலோ இருக்கிறது. அதே பக்கத்திலேயே தங்கினால் குறை கீழே, சென்டர் ஜாயின்ட் சீலிலோ, செயினைச் சுற்றும் டிராவல் மோட்டாரிலோ, அதோடு இணைந்த கியர் தொகுதியான ஃபைனல் டிரைவிலோ இருக்கிறது. அதற்கடுத்து, செயின் சுற்ற முடியாதபடி அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைப் பூட்டி, டிராவல் லீவரை முழுதாகப் பிடித்து, மோட்டாரின் உள்கசிவு ஆயில் திரும்பும் டிரெய்ன் ஹோஸில் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும். அளவுக்கு மேல் வந்தால் மோட்டார் உள்ளே தேய்ந்துவிட்டது. டிரெய்ன் அளவு சரி என்றால் சென்டர் ஜாயின்ட்டைப் பார்க்கலாம். ஃபைனல் டிரைவ் கியர் தேய்ந்தால் ஆயிலில் இரும்புத் துகளாகவும் சத்தமாகவும் அது தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

பூம் தானாக இறங்குகிறது என்றதும் சிலிண்டர் சீலை மாற்றுவது இன்னொரு பழக்கம். கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். பூம் சிலிண்டரில் சுமை ராடை (சிலிண்டருக்குள் போய் வரும் தண்டு) உள்ளே தள்ளுகிறது. சீல் கசிந்து, அடிப்பக்க ஆயில் ராட் பக்கத்துக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ராட் உள்ளே வர வர, சிலிண்டருக்குள் ஆயிலுக்கு இருக்கும் மொத்த இடம் குறைகிறது. அந்த ஆயில் வெளியே போக வழி இல்லாவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறி, சற்று இறங்கியதுமே பூம் நின்றுவிடும். தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால், ஆயில் எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். அதாவது ஸ்பூல், அந்தச் சிலிண்டர் லைனுக்கென உள்ள போர்ட் ரிலீஃப் அல்லது சுமையைத் தாங்கும் வால்வு வழியாக. ஆகவே சீலை மட்டும் மாற்றி நிம்மதியடைய முடியாது. சிலிண்டரைக் கடைசி வரை நீட்டி, ராட் பக்க ஹோஸைக் கழற்றி, வண்டிப் பக்க முனையை அடைத்துவிட்டு, அடிப்பக்கம் அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் கழற்றிய துளையிலிருந்து ஆயில் வருகிறதா என்று கண்ணுக்கே தெரியும். வராவிட்டால் சீல் நன்றாக இருக்கிறது.

பதினோரு மணிக்கு மேல் படுத்துவிடும் வண்டி

“காலையில நல்லா ஓடுது, வெயில் ஏறினதும் படுத்துக்குது.” உள்கசிவு உள்ள வண்டியின் முகவரி இது. 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில், 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏழில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சும். இடைவெளி வழியாகக் கசியும் அளவு அதே விகிதத்தில் கூடும். அதோடு, இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகிவிடும். பம்பின் பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களிலிருந்து சில பத்து மைக்ரான்கள் வரைதான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். இவ்வளவு சிறிய இடத்தில் கொஞ்சம் தேய்ந்தாலும் விளைவு பெரிது. அதனால்தான் குளிர்ந்த வண்டியில் எடுத்த எந்த அளவையும் நான் நம்புவதில்லை. ஆயில் 50 டிகிரியைத் தாண்டிய பிறகு எடுப்பதுதான் அளவு.

கசிவு எங்கே என்று தேட, கையில் பிடிக்கும் வெப்பமானித் துப்பாக்கி ஒன்று போதும். 350 கிலோ அழுத்தத்தில் இருக்கும் ஆயில், எந்த வேலையும் செய்யாமல் ஒரு இடைவெளி வழியாகத் தப்பித்தால், அந்தச் சக்தி முழுதும் சூடாக மாறுகிறது. கணக்குப் போட்டால் ஒரே பாய்ச்சலில் ஆயில் ஏறத்தாழ 20 டிகிரி சூடேறும். சிலிண்டரை முழுதாக நீட்டிய கடைசியில் பிடித்துக்கொண்டு வால்வு பிளாக்கின் மேல் துப்பாக்கியை ஓட்டினால், அப்போது இயல்பாகவே சூடாகும் மெயின் ரிலீஃபைத் தவிர, பக்கத்தில் உள்ளவற்றைவிட ஒன்று மட்டும் கொதிக்கும். அந்த ரிலீஃப் வால்வையோ ஹோஸையோ முதலில் கழற்றுங்கள். கூலரின் வெளிப்பக்கம் தூசி அடைத்திருந்தாலும் வண்டி சூடேறும், அதை முன்னாடியே ஊதிவிட்டு வந்தால் குழப்பம் இல்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. பம்ப் நன்றாகத் தேய்ந்த பிறகும் கேஜில் 350 கிலோ காட்டலாம். சிலிண்டரைக் கடைசியில் நிறுத்திப் பிடிக்கும்போது அதற்கு ஓட்டம் தேவைப்படுவதில்லை. பம்ப் தன் கசிவைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளினாலும் அழுத்தம் ஏறிவிடும். “பிரஷர் கரெக்டா இருக்கு சார், பம்ப் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான். அழுத்தத்தை அளந்தால் ஓட்டம் தெரியாது. ஃப்ளோ மீட்டர் இல்லாதவர்களுக்கு ஸ்டாப் வாட்ச் போதும். காலி பக்கெட்டோடு தரையிலிருந்து பூம் உச்சிக்கு எத்தனை நொடி? 20 டன் வண்டியில் அது சுமார் 3 அல்லது 4 நொடி. ஸ்விங் ஐந்து சுற்றுக்கு எத்தனை நொடி? தூக்கிப் பிடித்த செயின் ஐந்து சுற்றுக்கு எத்தனை?

ரிலீஃப் வால்வின் திருகை முறுக்கி “பவர் ஏற்றித் தரும்” பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது வேகத்தைக் கொஞ்சமும் கூட்டாது. அழுத்தம் 350-லிருந்து 400-க்குப் போனால் பூமின் வெல்டிங், பின், புஷ், ஹோஸ், பம்பின் பேரிங் அனைத்தும் அந்தக் கூடுதல் சுமையை ஒவ்வொரு அள்ளலிலும் தாங்க வேண்டும். சில மாதங்களில் பூம் அடியில் விரிசல் விடும். திருகைத் தொட்டவர் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

சக்கர வண்டிகளில் மூன்று ஸ்டால் சோதனை

பேக்ஹோ, வீல் லோடர் போன்றவற்றில் எஞ்சினின் சக்தி இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்துவது), கியர்பாக்ஸ், ஆக்ஸில் என்று சக்கரத்துக்கு. இன்னொரு வழி ஹைட்ராலிக் பம்புக்கு. இந்தப் பிரிவே சோதனைக்கு வசதி செய்து கொடுக்கிறது.

பிரேக்கை முழுதாக மிதித்து, கையேடு சொல்லும் கியரில், முழு ஆக்சிலரேட்டரில் வண்டி நகராமல் நிற்கும்போது ஆர்.பி.எம். எங்கே நிற்கிறது? அது கன்வெர்ட்டர் ஸ்டால். கியர் போடாமல், பக்கெட்டைக் கடைசி வரை இழுத்து ரிலீஃபில் பிடித்தால் ஹைட்ராலிக் ஸ்டால். இரண்டையும் சேர்த்துச் செய்வது மூன்றாவது. இந்த மூன்று எண்களையும் கையேட்டின் எண்களோடு ஒப்பிட்டால் வண்டியைத் திறக்காமலே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

மூன்றும் குறைவு என்றால் எஞ்சின் பலவீனம். கன்வெர்ட்டர் ஸ்டால் மட்டும் குறைவு, ஹைட்ராலிக் ஸ்டால் சரி என்றால் எஞ்சின் குற்றவாளி அல்ல. கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. அதே கிளட்ச் இறுகிப்போனால் ஸ்டாலில் குறை தெரியாது, ரோட்டில் வேகமாக ஓட்டும்போது ஆயில் கொதிக்கும், வேகம் ஏறாது. கன்வெர்ட்டர் ஸ்டால் அதிகம் என்றால் கியர்பாக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது ஆயில் குறைவு, அல்லது ஆயிலில் காற்று. முன்னோக்கி மட்டும் அதிகம், ரிவர்ஸில் சரி என்றால் முன்னோக்கிக் கிளட்ச் மட்டும்தான், கியர்பாக்ஸ் முழுவதையும் பிரிக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள். கன்வெர்ட்டர் ஸ்டால் சரி, ஹைட்ராலிக் ஸ்டாலில் ஆர்.பி.எம். இறங்கவே இல்லை என்றால் ஹைட்ராலிக் பம்ப் அல்லது அதன் ரிலீஃப்.

இதில் அவசரம் கூடாது. வண்டி நகராமல் நிற்பதால் எஞ்சின் தரும் சக்தி முழுவதும் கன்வெர்ட்டர் ஆயிலில் சூடாக இறங்குகிறது. 55 கிலோவாட் என்றால், 10 லிட்டர் ஆயிலை 10 நொடியில் 30 டிகிரிக்கு மேல் ஏற்ற அது போதும். எண் நிலைத்ததும் விட்டுவிட வேண்டும், நியூட்ரலில் சற்று ஓடவிட்டு ஆற வைத்த பிறகே அடுத்தது. பிரேக் பிடிக்குமா என்பதை முன்பே பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எதிரே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

ஆயில் சொல்லும் சேதி

ஆயில் பால் போல வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். சிறிது நேரத்தில் தெளிந்தால் அது காற்று, உறிஞ்சும் பக்கம் ஏதோ தளர்ந்திருக்கிறது. மறுநாளும் வெளுப்பாகவே இருந்தால், அல்லது அடியில் நீர் தங்கினால், தண்ணீர் கலந்திருக்கிறது. சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டாலும் தெரியும், தண்ணீர் இருந்தால் தோசைக்கல்லில் நீர் தெளித்தது போல சடசடக்கும்.

ரிட்டர்ன் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் பேரிங், கியர் போன்ற இரும்புப் பாகங்களிலிருந்து வருகிறது. தங்க நிறத்தில் பளபளக்கும் வெண்கலச் செதில், பம்பின் உள்ளே இருக்கும் பிஸ்டன் ஷூவிலிருந்தோ வால்வுத் தட்டிலிருந்தோ வருகிறது. அதைக் கண்டால் வேலையை உடனே நிறுத்த வேண்டும். கறுப்பு ரப்பர் துணுக்கு சீலிலிருந்தும் ஹோஸின் உட்பக்கத்திலிருந்தும் வரும்.

பம்ப் உண்மையாகவே உடைந்து, புதிது மாட்டி, மூன்று மாதத்தில் அதுவும் போய்விட்டது என்ற கதையைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டூப்ளிகேட் பம்ப் என்று திட்டுவார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. உடைந்த பம்பின் துகள்கள் டேங்கில் மட்டும் இருப்பதில்லை. சிலிண்டர்களுக்குள்ளும், நீண்ட ஹோஸ்களிலும், கூலரின் மெல்லிய குழாய்களிலும் தங்கிவிடுகின்றன. சிலிண்டருக்குள் போகும் ஆயில் அதே ஹோஸில் முன்னும் பின்னும் போய் வருகிறதே தவிர, முழுதும் டேங்குக்குத் திரும்புவதில்லை. டேங்க் ஆயிலை மட்டும் மாற்றினால் அந்தத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து புதுப் பம்பைத் தின்னும். ஒவ்வொரு சிலிண்டரையும் ஹோஸ் கழற்றிக் காலி செய்து, கூலரை முடிந்தால் மாற்றி, வடிகட்டி வைத்து ஓட்டிக் கழுவிய பிறகுதான் புதுப் பம்பை மாட்ட வேண்டும். பேரலிலிருந்து நேராக ஊற்றும் புது ஆயிலும் சுத்தமானது என்று எண்ண வேண்டாம். ஃபில்டர் வழியாக ஏற்றுவதே நல்லது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த அளவுகள்தான் துணை. விற்பவர் பெரும்பாலும் காலையில் வரச் சொல்வார், அல்லது அப்போதுதான் ஸ்டார்ட் செய்த வண்டியைக் காட்டுவார். பூம் பறக்கும், பெயின்ட் மின்னும். இரண்டு மணி நேரம் மண் அள்ள விடுங்கள் என்று கேளுங்கள். ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, அதே பூமை, அதே ஸ்விங்கை, இரண்டு செயின்களையும் ஸ்டாப் வாட்ச் வைத்து மறுபடி எண்ணுங்கள். இரண்டு செயின்களின் நொடிகள் ஒத்துப்போகின்றனவா, காலையில் எடுத்த எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டு, அதைக் கையில் வைத்தபடி விலை பேச உட்காருங்கள்.